பைதானில் மெதுவான இடத்தை மட்டும் சி, சைதான், ரஸ்ட்டுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைதானில் எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறது, ஆனால் ஓர் இடத்தில் மட்டும் நின்று நின்று போகிறது என்றால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களைச் சேர்த்து எழுதிவைக்கிறேன். சி, ரஸ்ட் இரண்டும் நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி (கம்பைல் செய்து) ஓட்டும் மொழிகள். சைதான், பைதானைப் போலவே எழுதியதைச் சி நிரலாக மாற்றித் தரும் கருவி. பக்கம் முழுவதற்கும் ஒரே உதாரணம்தான்: தமிழ்ச் சொல் திருத்தி. 2 லட்சம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஒருவர் தப்பாகத் தட்டிய சொல்லுக்கு மிக அருகில் இருக்கும் சொற்களை அதிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். அருகில் என்பதை அளக்க லெவன்ஷ்டைன் தொலைவைப் பயன்படுத்துகிறோம். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கைதான் அது.

பைதான் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

இரண்டு எண்களைக் கூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் அது செயலியின் ஒரே ஒரு கட்டளை. பைதானில் இரண்டு எண்களும் முழுப் பொருள்கள். பைதான் நிரலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் முதலில் இரண்டின் வகையையும் பார்க்கிறது, அந்த வகைக்குக் கூட்டல் என்றால் என்ன என்று தேடுகிறது, கூட்டிய விடைக்குப் புதிய பொருள் ஒன்றை உருவாக்குகிறது, பழையவற்றை இன்னும் யாராவது பிடித்திருக்கிறார்களா என்ற கணக்கைத் திருத்துகிறது. 64 பிட் கணினியில் 1 என்ற எண்ணுக்கே 28 பைட் செலவாகிறது. சி மொழியில் அதற்கு 4 அல்லது 8 பைட் போதும்.

ஒரு தடவை என்றால் இது பொருட்டே இல்லை. கோடித் தடவை என்றால்தான் வலிக்கும். 7 எழுத்துச் சொல் இரண்டின் தொலைவைக் கண்டுபிடிக்க 7க்கு 7, அதாவது 49 கட்டங்களை நிரப்ப வேண்டும். 2 லட்சம் சொல்லுக்கு அது 98 லட்சம் கட்டங்கள். பைதானில் ஒரு கட்டத்துக்கு 200, 300 நானோநொடி ஆகலாம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சொல்லைத் திருத்த 2 முதல் 3 நொடி. கம்பைல் ஆன நிரலில் ஒரு கட்டத்துக்கு ஓரிரு நானோநொடி என்றால் அதே வேலை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். தட்டிக்கொண்டிருப்பவருக்கு முதலாவது எரிச்சல், இரண்டாவது கண்ணுக்கே தெரியாது.

அப்படியானால் முழுவதையும் வேறு மொழியில் எழுதிவிடலாமே?

வேண்டாம். கோப்பைத் திறப்பது, அமைப்புகளைப் படிப்பது, இணையக் கோரிக்கைக்குப் பதில் அனுப்புவது இவையெல்லாம் பைதானில் எழுதச் சுகம், படிக்கச் சுகம், நாளைக்கு வேறொருவர் வந்து திருத்தவும் சுகம். மெதுவாக இருப்பது பெரும்பாலும் சில பத்து வரிகள்தான். அந்த வரிகளை மட்டும் இறக்கி வேறு மொழியில் எழுதி, மேலே பைதானை அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே பேசும் வழி.

இது புதிய யோசனையும் இல்லை. 1995இல் வந்த நியூமெரிக், 2006இல் அதன் வாரிசாக வந்த நம்பை (எண் வரிசைகளுக்கான லைப்ரரிகள்) இரண்டும் இதே வழிதான். பாண்டாஸ், சைகிட்-லேர்ன், எல்எக்ஸ்எம்எல் எல்லாவற்றிலும் சைதானில் எழுதிய பகுதிகள் உண்டு. தரவைச் சரிபார்க்கும் லைப்ரரியான பைடான்டிக் 2023இல் தன் இரண்டாம் பதிப்புக்காக உள்மையத்தை ரஸ்ட்டில் திருப்பி எழுதியது. நீங்கள் பைதான் எழுதுகிறவர் என்றால் இந்த வழியின் பலனை ஏற்கெனவே தினமும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எந்த இடம் மெதுவானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பாருங்கள். ஊகிக்காதீர்கள். நிரலை எழுதியவரே பத்துக்கு ஏழெட்டுத் தடவை தப்பான இடத்தைத்தான் கைகாட்டுகிறார் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

பைதானோடு வரும் சிப்ரொஃபைல் எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும். ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பையும் எண்ணுவதால், சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் நிறைய இருக்கும் நிரலில் அதுவே ஒரு சுமையாகிப் படத்தைக் கொஞ்சம் கோணலாக்கிவிடும். பை-ஸ்பை வேறு விதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல், வெளியிலிருந்து நொடிக்குப் பல தடவை எட்டிப்பார்த்து இப்போது எந்த வரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். சர்வரில் ஓடுவதைப் பார்க்க எனக்கு அதுதான் வலது கை.

அளந்த பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். மொத்தம் 10 நொடி ஓடுகிறது, அதில் 8 நொடி தொலைவு கணக்கிடும் ஃபங்ஷனில் போகிறது. அதை 100 மடங்கு வேகமாக்கினால் 8 நொடி 0.08 நொடியாகும். மீதி 2 நொடி அப்படியே நிற்கும். மொத்தம் 2.08 நொடி, அதாவது ஐந்து மடங்குக்கும் குறைவான லாபம். 8 நொடிக்குப் பதில் 3 நொடிதான் அங்கே போகிறது என்றால் எவ்வளவு பாடுபட்டாலும் 10 நொடி 7க்குக் கீழே இறங்காது. அதற்கு ஒரு கம்பைலரை வீட்டுக்குள் கொண்டுவருவது வேண்டாத வேலை. நேரம் எல்லாம் டேட்டாபேஸுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருப்பதில் போகிறது என்று தெரிந்தால், ரஸ்ட்டால் ஒரு துளி பயனும் இல்லை.

மொழி மாற்றும் முன் பைதானிலேயே என்னென்ன பார்க்கலாம்?

நிறைய. சொல் பட்டியலில் இருக்கிறதா என்று லிஸ்டில் தேடினால் சராசரியாக 1 லட்சம் ஒப்பீடு. அதையே செட்டில் வைத்தால் ஒரே அடியில் விடை வரும். எந்த மொழியின் கம்பைலரும் இந்த வித்தியாசத்தை உங்களுக்குத் தர முடியாது.

தொலைவு கணக்கிலும் அப்படித்தான். 2 எழுத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும் சொற்கள் வேண்டாம் என்றால், நீளம் 2க்கு மேல் வேறுபடும் சொற்களைத் தொடவே தேவையில்லை. சொற்களை நீளப்படி பிரித்து வைத்துவிட்டால் வேலையின் ஒரு பகுதி தானாகவே கழன்றுவிடும். கட்டங்களை நிரப்பும்போது ஒரு வரிசை முழுக்க 2ஐத் தாண்டிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். உள் லூப்பில் மூன்று எண்களில் சிறியதை எடுக்க பைதானின் மின் (min) ஃபங்ஷனை அழைப்பதற்குப் பதில் இரண்டு ஒப்பீடுகளாக எழுதினாலே வித்தியாசம் தெரியும்.

பைதான் பதிப்பையும் பாருங்கள். 2022 அக்டோபரில் வந்த 3.11, அதற்கு முந்தைய 3.10ஐவிட அதிகாரப்பூர்வ வேகச் சோதனைத் தொகுப்பில் சராசரியாக 25% வேகமானது. நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் கிடைப்பது அது.

இதையெல்லாம் செய்துவிட்டு, இன்னும் போதவில்லை என்றால் கீழே வாருங்கள்.

நம்பை போதாதா?

ஒரே செயலை வரிசையில் இருக்கும் எல்லா எண்களுக்கும் செய்ய வேண்டும் என்றால் போதும், தாராளமாகப் போதும். லட்சம் எண்களைப் பெருக்குவது, சராசரி எடுப்பது போன்றவற்றுக்கு வேறெதையும் யோசிக்காதீர்கள்.

லெவன்ஷ்டைன் அதற்கு மடங்காது. ஒரு கட்டத்தின் விடை இடப்பக்கக் கட்டம், மேல் கட்டம், குறுக்கே மேலிருக்கும் கட்டம் மூன்றையும் நம்பியிருக்கிறது. இடப்பக்கக் கட்டம் முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கணக்கிட நினைக்கும் நம்பைக்கு இது சங்கடம். இப்படி முந்தைய விடையைப் பிடித்துக்கொண்டே நகரும் லூப்கள்தான் கம்பைல் ஆகும் மொழிக்குக் கொண்டுபோக ஏற்றவை.

சைதான், நம்பா, பைபைண்ட்11, பைஓ3… எதை எடுப்பது?

என் தேர்வைச் சொல்கிறேன், காரணத்தோடு.

உள்ளே போவதும் வெளியே வருவதும் எண் வரிசைகள் மட்டும் என்றால் முதலில் நம்பா. ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி டெக்கரேட்டர் வைத்தால் போதும், எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக இயந்திர மொழியாகிவிடும். முதல் அழைப்பில் கம்பைல் ஆகும் நேரம் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த முதல் அழைப்பையும் சேர்த்து அளந்துவிட்டு நம்பா மெதுவானது என்று விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சொந்த கிளாஸ்கள், பலவகைப் பொருள்கள் கலந்த டிக்‌ஷனரி என்று வந்தால் நம்பா முரண்டு பிடிக்கும்.

கையில் ஓடும் பைதான் நிரல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்றால் சைதான். மாறிகளின் வகையை அறிவிக்க அறிவிக்க வேகம் கூடும். ஏற்கெனவே ஒரு சி லைப்ரரி இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் போதும் என்றால் சிஎஃப்எஃப்ஐ, அல்லது பைதானோடே வரும் சிடைப்ஸ். சி++ லைப்ரரி என்றால் பைபைண்ட்11. புதிதாக எழுதப்போகிறீர்கள், அந்தப் பகுதி சில நூறு வரிக்கு மேல் வளரும் என்று தெரிகிறது என்றால் ரஸ்ட், அதைப் பைதானோடு இணைக்கும் பைஓ3 வழியாக.

பைதானின் சி ஏபிஐயை (சி மொழியிலிருந்து பைதானோடு பேசும் வாயிலை) நேரடியாகக் கையில் எடுத்து எழுதுவதை இன்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பயன்பாட்டில் இருக்கும் பொருளே அழிந்துபோகும், ஒன்று கூடினால் நினைவகம் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை கற்றுக்கொள்ள எழுதிப் பார்ப்பது நல்லது. புராஜெக்டில் வேண்டாம்.

சைதானில் வகைகளை அறிவித்தும் வேகம் வரவில்லை. எங்கே பார்ப்பது?

சைதானுக்கு ஓர் அருமையான வசதி உண்டு. கம்பைல் செய்யும்போது குறிப்புப் பக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். உங்கள் நிரலை வரிவரியாகக் காட்டும், பைதான் இன்டர்ப்ரெட்டரிடம் போய்வரும் வரிகளுக்கு மஞ்சள் பூசியிருக்கும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு செலவு. வரியைச் சொடுக்கினால் அதற்கு உருவான சி நிரலையே பார்க்கலாம். உள் லூப் முழுக்க வெள்ளையாகும் வரை விடாதீர்கள். ஒரே ஒரு மாறிக்கு வகை சொல்ல மறந்ததால் முழு லூப்பும் மஞ்சளாகக் கிடப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

ஒரு எச்சரிக்கை. வரிசையின் எல்லையைத் தாண்டுகிறோமா என்று பார்க்கும் சோதனையை அணைத்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள். ஒரு தடவை வரிசையை ஒரு கட்டம் குறைவாக ஒதுக்கிவிட்டு, சோதனையையும் முதலிலேயே அணைத்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நீளமான சொற்களுக்கு மட்டும், அதுவும் எப்போதாவது, தொலைவு தப்பாக வந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. சோதனை அணையாமல் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே வரி எண்ணோடு சொல்லியிருக்கும்.

ரஸ்ட் எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டுதான் வர வேண்டுமா?

முழு மொழியும் தேவையில்லை. எண் வரிசைகளை வாங்கி எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு லூப், வெக்டர், இரவல் வாங்குவது (ஒரு மதிப்பைச் சொந்தமாக்காமல் பயன்படுத்துவது) இந்த மூன்றும் புரிந்தால் தொடங்கிவிடலாம். மேச்சுரின் என்ற கருவி புராஜெக்ட் அமைப்பை உருவாக்கி, கம்பைல் செய்து, உங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் நிறுவியும் விடும். பைதான் பக்கத்தில் வழக்கம்போல் இம்போர்ட் செய்தால் போதும்.

தொடங்குபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வேகத்துக்காக மெருகேற்றும் ரிலீஸ் முறையில் கம்பைல் செய்தீர்களா? மேச்சுரினின் டெவலப் கட்டளை, நீங்கள் சொல்லாவிட்டால், பிழை தேட உதவும் டீபக் முறையில்தான் கம்பைல் செய்யும். அந்த நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும், சில நேரம் பைதானுக்கு அருகிலேயே நிற்கும். ரிலீஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் எல்லாம் மாறிவிடும்.

கம்பைல் ஆகும் மொழியில் எழுதியும் பழைய வேகம்தான். ஏன்?

ரிலீஸ் முறை சரி, மஞ்சள் வரி இல்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: எல்லையை அடிக்கடி கடக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பைதானுக்கும் கம்பைல் ஆன பகுதிக்கும் நடுவே ஒரு சோதனைச்சாவடி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் பைதான் பொருளைத் திறந்து, வகையைச் சரிபார்த்து, உள்ளிருக்கும் மதிப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பும்போது விடையைப் பைதான் பொருளாக்கித் தர வேண்டும். ஒரு கடப்புக்குச் சில பத்து நானோநொடி முதல் நூற்றுக்கு மேலும் ஆகலாம். மூன்று எண்களில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் ரஸ்ட்டுக்கு மாற்றினால், ஒரு நானோநொடி வேலைக்கு நூறு நானோநொடி வழிச்செலவு. முன்னைவிட மெதுவாகிவிடும்.

அதனால் லூப்பின் உள்ளே இருக்கும் வரியை மாற்றாதீர்கள். லூப்பையே தூக்கி உள்ளே வையுங்கள்.

நம் உதாரணத்தில் இதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படியில் இரண்டு சொற்களின் தொலைவைக் கணக்கிடும் ஃபங்ஷன் ரஸ்ட்டில் இருக்கிறது. 2 லட்சம் சொற்களின் மேல் ஓடும் லூப் பைதானில் இருக்கிறது. ஒரு தேடலுக்கு 2 லட்சம் கடப்புகள். வேகம் கூடியிருக்கும், ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. இரண்டாம் படியில் பட்டியல் முழுவதையும் ஒரே அழைப்பில் அனுப்புகிறோம். கடப்பு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் 2 லட்சம் பைதான் சரங்களையும் திறந்து நகலெடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செலவு அது. மூன்றாம் படியில் ரஸ்ட் பக்கத்தில் ஒரு கிளாஸ் வைக்கிறோம். நிரல் தொடங்கும்போது பட்டியலை ஒரே ஒரு தடவை அதற்குள் கொடுத்துவிடுகிறோம். அதன் பிறகு ஒவ்வொரு தேடலுக்கும் உள்ளே போவது ஒரு சொல், வெளியே வருவது பத்துச் சொற்கள். அவ்வளவுதான்.

மூன்றாம் படிக்கு வந்த பிறகுதான் முதலில் போட்ட கணக்கு நிஜமாகும். பலரும் முதல் படியிலேயே அளந்து பார்த்துவிட்டு மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

தமிழ்ச் சரங்களை அனுப்பும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

நிறைய உண்டு. ஆங்கிலச் சொற்களோடு எழுதிய எடுத்துக்காட்டுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

"தமிழ்" என்ற சொல்லை எடுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. பைதானிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி யூனிகோட் குறியெண்களாக எண்ணும். அதே சொல்லை ரஸ்ட்டிடம் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று வரும். ரஸ்ட்டின் சரம் யுடிஎஃப்-8 பைட்டுகளின் வரிசை, தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் அதில் 3 பைட். மூன்று இடத்தில் மூன்று நீளம். இதைக் கவனிக்காமல் பைட்டுகளின் மேலேயே லெவன்ஷ்டைனை ஓட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு ஓர் அர்த்தமும் இருக்காது.

குறியெண்களின் மேல் ஓட்டினாலும் முழுமையாகச் சரிவராது. "வீடு", "மாடு" இரண்டுக்கும் எழுத்து வித்தியாசம் ஒன்று. குறியெண் கணக்கில் வகரம், ஈகாரக் குறி இரண்டும் மாறுவதால் வித்தியாசம் 2. தமிழ் வாசகர் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் கணக்கில் தள்ளிப் போய்விடுகிறது.

நான் செய்வது இது. முதலில் சரத்தை என்எஃப்சி என்ற யூனிகோட் முறைக்கு இயல்பாக்குகிறேன். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. இயல்பாக்கிய பிறகு எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறேன். தமிழ் எழுத்து 247. ஒரு பைட்டில் 256 அடங்குமே என்று தோன்றும். ஜ, ஷ, ஸ, ஹ நான்கின் வரிசைகளையும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 13 வீதம் 52 கூடி 299 ஆகிவிடும். ஆகவே எழுத்துக்கு 2 பைட். சொல்லுக்குச் சராசரி 7 எழுத்து என்றால் 2 லட்சம் சொல்லுக்கு 28 லட்சம் பைட், அதாவது 3 மெகாபைட்டுக்கும் குறைவு. இன்றைய செயலிகள் பலவற்றின் கேஷ் நினைவகத்துக்குள்ளேயே அது உட்கார்ந்துவிடும், வேகத்துக்கு அது பெரிய துணை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கம்பைல் ஆன பகுதிக்குத் தமிழே தெரிய வேண்டியதில்லை. அது எண்களை மட்டும் பார்க்கிறது. எழுத்துப் பிரிப்பில் நாளைக்கு ஒரு திருத்தம் வந்தால் பைதானில் திருத்தினால் போதும்.

எண்களில் ஏதாவது வில்லங்கம்?

பைதானின் முழு எண்ணுக்கு வரம்பு கிடையாது. சி, சைதான், நம்பா, ரஸ்ட் எல்லாவற்றிலும் நீங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் 64 பிட் எண்ணுக்கு 9223372036854775807 என்ற கூரை உண்டு. 20இன் ஃபேக்டோரியல் அதற்குள் அடங்கும், 21இன் ஃபேக்டோரியல் அடங்காது. சி மொழியில் பிழைச் செய்தி வரும் என்ற உறுதி கிடையாது. ரஸ்ட் டீபக் முறையில் கத்தும், ரிலீஸ் முறையில் பேசாமல் சுற்றிக்கொண்டு தப்பான எண்ணைத் தரும். பெரிய எண்கள் வர வாய்ப்புள்ள இடத்தில், கூரையைத் தாண்டி வழிந்தால் பிழை தரும் பெருக்கல் ஃபங்ஷன்களை வெளிப்படையாகப் பயன்படுத்துங்கள்.

த்ரெட்களைப் பயன்படுத்தி எல்லா கோர்களையும் ஓட்ட முடியுமா?

முடியும், அதுவும் இந்த வழிக்குக் கிடைக்கும் பெரிய பரிசு. ஜிஐஎல் என்ற பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழையை) மட்டுமே பைதான் நிரலை ஓட்ட விடுகிறது. கம்பைல் ஆன பகுதி பைதான் பொருள்களைத் தொடாத வரை அந்தப் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடலாம். சைதானிலும் பைஓ3யிலும் அதற்கு வழி இருக்கிறது. மேலே சொன்னபடி எல்லாவற்றையும் எண்களாக்கி உள்ளே வைத்திருந்தால் பைதானைத் தொட வேண்டிய தேவையே வராது. ரஸ்ட்டில் ரேயான் லைப்ரரியைச் சேர்த்தால் 2 லட்சம் சொற்களையும் கோர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும்.

2024 அக்டோபரில் வந்த 3.13இல் பூட்டே இல்லாத பைதான் சோதனை நிலையில் வந்தது. 3.14இல் அது அதிகாரப்பூர்வ ஆதரவு பெற்றது, ஆனாலும் தனிப் பதிப்பாகவே கிடைக்கிறது. உங்கள் எக்ஸ்டென்ஷன் (கம்பைல் ஆன பகுதி) பூட்டில்லாமல் ஓடத் தயார் என்று தானே அறிவிக்காவிட்டால், இம்போர்ட் செய்த உடனே பைதான் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் பூட்டைத் திரும்பப் போட்டுவிடும்.

நிரல் திடீரென்று செத்துப்போகிறது, பிழைச் செய்தியே இல்லை. என்ன செய்வது?

நினைவகத்தில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டிருக்கிறது. பைதானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்கிவிட்டு ஓட்டுங்கள், சாகும் கணத்தில் பைதான் எந்த வரியில் இருந்தது என்றாவது காட்டும். ரஸ்ட்டில் பாதுகாப்பற்ற பகுதி எழுதாத வரை இது அநேகமாக நடக்காது. அங்கே பேனிக் (மேலே போக முடியாமல் ரஸ்ட் நிரல் கைவிடும் பிழை) வந்தால் பைஓ3 அதைப் பைதான் எக்ஸெப்ஷனாக மாற்றித் தரும். ஆனால் அது வழக்கமான எக்ஸெப்ஷன் வகையின் கீழ் வராது, அடிப்படை வகையின் கீழ்தான் வரும். எல்லாப் பிழையையும் பிடிக்கிறேன் என்று நீங்கள் எழுதிவைத்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும்.

பழைய பைதான் நிரலை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். இரண்டு வேலைக்கு அது வேண்டும். ஒன்று, சரிபார்க்க. ஹைப்பாதெசிஸ் லைப்ரரியை வைத்து ஆயிரக்கணக்கில் தாறுமாறான சொல் ஜோடிகளை உருவாக்கி இரண்டு நிரலுக்கும் கொடுத்து விடை ஒன்றா என்று பாருங்கள். வெற்றுச் சரம், ஒரே எழுத்து, மிக நீளமான சொல் மூன்றும் கட்டாயம். என்னுடைய அந்த ஒரு கட்டப் பிழை இந்தச் சோதனை இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இரண்டு, எக்ஸ்டென்ஷன் நிறுவ முடியாத கணினியில் மெதுவாகவாவது ஓட.

மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

இதுதான் பலரும் கணக்கில் எடுக்காத செலவு. வெறும் பைதான் லைப்ரரி என்றால் ஒரே கோப்பு எல்லா இடத்திலும் ஓடும். கம்பைல் ஆனது என்றால் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஒவ்வொன்றுக்கும், இன்டெல் வகை, ஆர்ம் வகை ஒவ்வொன்றுக்கும் தனி வீல் (கம்பைல் செய்து கட்டிவைத்த நிறுவல் கோப்பு) வேண்டும். 5 தளம், 5 பைதான் பதிப்பு என்றால் 25 வீல்கள். கையால் செய்ய நினைக்காதீர்கள். சிஐபில்ட்வீல் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. பைதான் 3.2இல் வந்த, பதிப்புக்குப் பதிப்பு மாறாத நிலையான ஏபிஐயை (ABI) மட்டும் பயன்படுத்தி எழுதினால் பதிப்புக்கு ஒரு வீல் என்பது போய் 5 வீல்களோடு முடிந்துவிடும். பைஓ3யில் அது ஒரு வரி அமைப்புதான்.

வீல் கிடைக்காவிட்டால் பயனர் கணினியிலேயே கம்பைல் செய்ய, பைதானின் நிறுவும் கருவியான பிப் முயலும், அங்கே கம்பைலர் இருக்காது. 2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி லைப்ரரி தன் 3.4 பதிப்பில் ரஸ்ட்டைக் கொண்டுவந்தபோது நடந்தது இதுதான். வீல் கிடைத்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பழைய பிப் வைத்திருந்தவர்களும், அப்போது வீல் வசதியே இல்லாத ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களில் ஓட்டியவர்களும் ஒரு காலையில் பில்ட் உடைந்து கிடப்பதைப் பார்த்தார்கள். நினைவகப் பிழைகளைத் தவிர்க்க அவர்கள் எடுத்த முடிவு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலையில் தவித்தவர்களின் கோபமும் நியாயமானதே. உங்கள் லைப்ரரியைச் சிலராவது நம்பியிருக்கிறார்கள் என்றால் வீல்களைத் தயாராக வைத்த பிறகே புதிய பதிப்பை வெளியிடுங்கள்.

பைபை எடுத்தால் இதெல்லாம் தேவைப்படாதோ?

பைபை என்பது பைதான் நிரலை ஓட்டும் இன்னொரு இன்டர்ப்ரெட்டர். சுத்தமான பைதான் லூப்களுக்கு பைபை நன்றாக வேலை செய்யும், முயன்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். சி எக்ஸ்டென்ஷன்களை நம்பிய லைப்ரரிகள் அங்கே மெதுவாக ஓடும், சில ஓடவே ஓடாது. நம்பை, பாண்டாஸ் நிறைந்த புராஜெக்ட் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முதல் தடவை செய்து பார்க்கிறேன். எங்கே தொடங்கட்டும்?

எழுத்துப் பிரிக்கும் ஃபங்ஷனிலிருந்து தொடங்காதீர்கள், அது சரங்களோடு புழங்குவது, சிக்கல் அதிகம். இரண்டு எண் வரிசைகளை வாங்கித் தொலைவைத் தரும் ஃபங்ஷனை முதலில் பைதானில் எழுதுங்கள், இருபது வரிக்கு மேல் வராது. "வீடு", "மாடு" கொடுத்து 1 வருகிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லோடு வெற்றுச் சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல்லின் எழுத்து எண்ணிக்கை வர வேண்டும். அப்புறம் அதே ஃபங்ஷனின் மேல் நம்பாவின் டெக்கரேட்டரை வைத்து, முதல் அழைப்பை விட்டுவிட்டு இரண்டாவது அழைப்பிலிருந்து அளந்து பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதே இருபது வரியை மறுநாள் சைதானில், அடுத்த நாள் ரஸ்ட்டில் எழுதி நான்கையும் ஒரே சோதனைக்குள் ஓட்டுங்கள். எழுத்துப் பிரிப்பை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அங்கே "ஸ்ரீ", "க்ஷ" இரண்டையும் ஓர் எழுத்தாக எண்ணுவதா, பிரித்து எண்ணுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து சோதனையில் எழுதிவைத்துவிடுங்கள்.